தேவஸ்ஸி மாஷும் ஒன்பது குழிப் பலகையும்

என் வீட்டுக்காரர் தேவஸ்ஸி மாஷ், ஒல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக, எங்கள் ஊர்ப் பேச்சில் மாஷாக, இருந்தவர். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாகத்தான் ஊர் அவரைப் பார்த்திருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்கு முன்னால் ஒரு பையனுடைய கால் விரல் கோட்டைத் தாண்டினால் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கமாட்டார். ‘அவுட்!’ என்று வெளியே அனுப்பிவிடுவார். எங்கள் மூத்தவனையே ஒரு வருடம் அப்படி அனுப்பினார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் எரியவிடவில்லை.

அந்த மனிதருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது, ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் கழித்து. முதலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. ஜெபமாலை உருட்டுகிறார், கடைசியில் கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகு சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று. அவருடைய கையெழுத்து ஒரு வரியின் தொடக்கத்தில் கடுகளவு இருந்து, வரி முடிவதற்குள் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று.

நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு பார்க்கின்சன் என்றார்.

“அது யாரு?” என்று கேட்டார் மாஷ்.

“அந்த வியாதியக் கண்டுபிடிச்ச வெள்ளைக்காரர் பேரு மாஷே.”

“அவன் கண்டுபிடிச்சதுக்கு நான் ஏன் ஆடணும்?”

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, பக்கத்து ஊரில் உள்ள ஒரு பிசியோதெரபி கல்லூரிக்குப் போகச் சொன்னார். அங்கே மேற்படிப்புப் படிக்கிற அனகா என்ற பெண் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கைப்பயிற்சி கொடுத்தால் இந்த வியாதிக்காரர்களின் கை எவ்வளவு தேறுகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. ஒல்லியான பெண், பெரிய கண்ணாடி, எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்வாள்.

‘எவ்வளவு தேறுகிறது’ என்று சும்மா வாயால் சொன்னால் ஆராய்ச்சியில் ஒத்துக்கொள்ளமாட்டார்களாம். அளந்து காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு பலகை வைத்திருந்தாள். அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது குழி. பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் சின்ன விரல் நீளத்துக்கு ஒன்பது குச்சி. ஒரே கையால் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் நட்டு, மறுபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். எத்தனை செகண்ட் ஆகிறதென்று அவள் ஸ்டாப்வாட்சில் பார்ப்பாள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சோதனை. மருந்து ஏறியிருக்கும்போது எல்லாரையும் ஒரே மாதிரி அளக்க வேண்டுமே.

மாஷ் அந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மோளே, அதை அப்படிப் பிடிக்கக்கூடாது. கட்டைவிரல் பட்டன் மேலயே இருக்கணும். இல்லேன்னா அரை செகண்ட் எனக்கு நஷ்டம்.”

“சரி மாஷே. ஆரம்பிக்கலாமா?”

“ரெடி, ஸ்டெடி நீ சொல்லணும்.”

அவள் சொன்னாள். மாஷ் முதல் குச்சியை எடுத்தார், அது விரலிடுக்கில் குறுக்காகப் புரண்டது. இரண்டாவது குழி விளிம்பில் தட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது மேசைக்கடியில் போயிற்று. எல்லாம் முடிந்தபோது முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்து உட்கார்ந்தவர் சங்குண்ணி நாயர். மின்சார ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர், இதே வியாதிக்காரர். முப்பத்தெட்டு செகண்டில் முடித்துவிட்டு, நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“மாஷுக்கு வயசாயிடுச்சு” என்றார் என்னைப் பார்த்து.

“உங்களவிட ரெண்டு வயசு சின்னவர்தான்” என்றேன்.

“அப்போ ரொம்பக் கஷ்டம்தான்.”

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். வந்ததும், “அந்த நாயர் இடது கையால கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டான். நான் பாத்தேன்” என்றார் மாஷ்.

வீட்டில் தினமும் செய்யச் சொல்லி அனகா நிறையப் பயிற்சி கொடுத்திருந்தாள். களிமண் மாதிரி ஒரு பச்சை உருண்டையைப் பிசைய வேண்டும். விரல்களில் ரப்பர் வளையம் மாட்டி விரிக்க வேண்டும். கையை அகலமாகத் திறந்து மூட வேண்டும். பக்கம் பக்கமாகப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மாஷ் முதல் நாள் செய்தார். இரண்டாம் நாள், “இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க வேலை” என்று தூக்கி வைத்துவிட்டார். அந்தப் பச்சை உருண்டையை நான் ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தேன். மேசை நன்றாகவே தேறியது.

அப்போதுதான் அந்த வேறு தொந்தரவு தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டதும் மாஷ் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருவார். வரும்போது முகத்தில் களைப்பு. வெளியிலிருந்து கூப்பிட்டால், “வரேண்டி, வரேண்டி” என்று முக்கலோடு ஒரு குரல்.

நான் அனகாவுக்கு ஃபோன் போட்டேன்.

“சேச்சி, இந்த வியாதியில மலச்சிக்கல் ரொம்ப சகஜம்” என்றாள் அவள். “தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க. பழம் கொடுங்க.”

கொடுத்தேன். காலையில் பாளையங்கோடன் வாழைப்பழம், சாயங்காலம் பாளையங்கோடன், ராத்திரி வெந்நீர். மரவள்ளிக்கிழங்கை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியையும் நிறுத்தினேன். அதுவரை சாப்பாட்டில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிறவர், வாய் திறக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் காட்டிக்கொடுத்தது என் காதுதான். தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். யார் எந்த மூலையில் மூச்சுவிட்டாலும் கேட்கும். ஒரு நாள் குளியலறை வாசலில் துணி எடுக்கப் போனபோது உள்ளே ‘டக்… டக்… டக்’ என்று கேட்டது. வயிற்றுக் கோளாறு எதற்கும் அந்தச் சத்தம் கிடையாது. நான் காதைக் கதவில் வைத்தேன். ‘டக்… டக்…’ பிறகு ஏதோ விழுந்தது. “நாசமாப் போக” என்று மாஷின் குரல். கதவுக்கடியிலிருந்து ஒரு மரக்குச்சி உருண்டுவந்து என் காலில் முட்டியது.

நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே வெகுநேரம் தேடும் சத்தம். கடைசியில் கதவு திறந்தது. ஒரு கையில் வேட்டி நுனி, இன்னொரு கையில் துண்டு மூடிய ஏதோ.

“இதைத்தானே தேடறீங்க?”

மாஷ் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அது பல் குத்தறது” என்றார்.

“யாருக்கு? யானைக்கா?”

துண்டை இழுத்தேன். ஒன்பது குழி, ஒரு கிண்ணம், எல்லாம் அச்சாக அப்படியே. தச்சர் வேலாயுதனிடம் சொல்லிச் செய்துவாங்கியிருக்கிறார். அனகா வெளியே போன நேரம் பார்த்து, பலகையின் அளவைத் தன் விரலாலேயே குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“பரீட்சைக்குப் படிக்கறது தப்பாடி?”

“கேள்வித்தாளையே வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கறதுக்குப் பேரு என்ன மாஷே?”

“வீட்டுல பழகக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லல.”

“குளியலறைல ஒளிஞ்சுக்கிட்டுச் செய்யச் சொல்லியும் சொல்லல. நான் இத்தனை பழம் கொடுத்தேனே, அதையெல்லாம் என்ன பண்ணினீங்க?”

“தின்னேன்” என்றார் பரிதாபமாக. “அதனால இப்போ வேற தொந்தரவு.”

நான் சிரித்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. சிரித்ததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையிலேயே பலகையை வைத்துப் பழக ஆரம்பித்துவிட்டார்.

நடுச்சோதனை நாள் வந்தது. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வியாதிக்காரர்கள், கூட வந்தவர்கள். மாஷ் பலகை முன்னால் உட்கார்ந்து ‘ரெடி, ஸ்டெடி’ கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்கினார். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு குச்சியும் வழி தெரிந்த மாதிரி தன் குழியில் போய் விழுந்தது. இருபத்தொரு செகண்ட்.

அனகா ஸ்டாப்வாட்சை ஒரு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு துள்ளிக் குதித்தாள். ஓடிப்போய்த் தன் ஆசிரியை ஹேமலதா மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேடம் வெள்ளைக் கோட்டும் கறாரான முகமுமாக வந்து நின்றார். பின்னாலேயே நாலைந்து மாணவர்களும் வந்தார்கள்.

“மேடம், இவர் வயசுல வியாதி இல்லாதவங்களே இவ்வளவு வேகமா செய்யறது கஷ்டம். எல்லாம் வீட்டுப் பயிற்சியோட பலன். அந்த உருண்டை பிசையறதுதான் மேடம் இவரை மாத்திடுச்சு. மாநாட்டுல இவரோட கேஸத்தான் முதல்ல காட்டப் போறேன்.” பெண்ணின் கண்ணாடிக்குள் கண்கள் பளபளத்தன. “மாஷே, தினமும் உருண்டை பிசைஞ்சீங்கதானே?”

நான் மேசைக்காலை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

மாணவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தது. அவர் மெல்ல எழுந்து நின்றார். இந்த வியாதியில் எழுந்து நிற்பதே ஒரு வேலை. இரண்டு முறை முன்னால் சாய்ந்து மூன்றாவதில்தான் எழுந்தார்.

“மோளே, நான் கோடு தாண்டிட்டேன்” என்றார்.

“என்ன மாஷே?”

“விசிலுக்கு முன்னாடியே ஓடிட்டேன். வீட்டுல இதே மாதிரி ஒரு பலகை செஞ்சு வெச்சிருக்கேன். அதுலதான் பழகினேன். உன் உருண்டையத் தொடவே இல்ல. என்னை அவுட் பண்ணிடு.”

அனகாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். மேடம் மாஷின் சட்டையைக் காட்டினார். “மேல் பட்டனைக் கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க பாப்போம்.”

மாஷ் முயன்றார். பொத்தான் விரலில் நிற்கவில்லை. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் இன்னும் நடுங்கியது. கடைசியில் நானே போய்ப் போட்டுவிட்டேன்.

“ஆக, கையில என்ன தேறியிருக்கு?” என்று கேட்டார் மேடம்.

“குழியில குச்சி நடறது மட்டும்.”

மேடத்தின் உதட்டோரம் ஒரு கணம் துடித்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் முகத்தைக் கறாராகவே வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் கேட்டார்: “வேற யார் வீட்டுலயாவது இப்படிப் பலகை இருக்கா?”

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். மூலையில் சங்குண்ணி நாயரின் வலது கை மெல்ல மேலே எழுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“நாயர் சார், கை தூக்கறீங்களா?”

“இல்ல மேடம், நடுக்கம்” என்றார் நாயர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “நடுக்கமாம் நடுக்கம்! சொல்லித் தொலைங்க. டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கார் மேடம். தச்சர் வேலாயுதன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனான். கல்லூரிப் பலகை, எல்லாரும் வாங்கறாங்கன்னு சொன்னான்.”

அதன்பிறகு அணை உடைந்த மாதிரி ஆயிற்று. இன்னொரு வியாதிக்காரியான பீபாத்துமா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தன்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் மருமகள் அதில் ஊதுபத்தி சொருகிவைத்துவிட்டதால் அதிகம் பழக முடியவில்லை என்றாள். இன்னும் இரண்டு பேர். பாதிக் கூடம் கேள்வித்தாளை வாங்கி வைத்திருந்தது.

அனகா நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து நான் போய்த் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சேச்சி, ஊதுபத்தி…” என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை.

மேடமும் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் கணக்கு கணக்குதான். அந்த அளவுகள் ஒன்றும் செல்லாது, ஆராய்ச்சியை வேறு விதமாக மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அனகாவின் படிப்பு சில மாதம் தள்ளிப்போகும். மாஷ் அதைக் கேட்டுக் கூனிப்போனார்.

“நான் ஒருத்தனால இந்தப் பொண்ணுக்கு…”

“உங்க ஒருத்தராலன்னு பெருமைப்பட்டுக்காதீங்க மாஷே” என்றாள் அனகா. “எல்லாரும் சேர்ந்துதான் கவுத்தீங்க.”

இரண்டு வாரம் கழித்துப் புது ஏற்பாட்டோடு எங்களைக் கூப்பிட்டாள். இந்த முறை பலகை சும்மா ஓரத்தில்தான். ஒவ்வொருவரும் தன் கை எந்த ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறாரோ அதைச் சொல்ல வேண்டும். அதை இப்போது எப்படிச் செய்கிறார், பயிற்சிக்குப் பிறகு எப்படிச் செய்கிறார் என்று படம்பிடித்து, அவரை அறியாத வேறொருவரை விட்டு மதிப்பெண் போடச் சொல்வாள்.

நாயர், நடந்துகொண்டே வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும் என்றார். “அது முடியாதவன் ஆம்பளையா?” பீபாத்துமா உம்மா, அரிசி மாவில் பத்திரி ரொட்டி மெல்லிசாகப் பரத்த வேண்டும் என்றாள், மருமகள் செய்கிற பத்திரியால் ஓடு வேயலாமாம்.

மாஷ் பொத்தான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தினமும் காலையில் நான்தானே போட்டுவிடுகிறேன். அவர் சொன்னது, “இருபத்தெட்டு விளையாடணும்.”

சீட்டாட்டம். எனக்குச் சுருக்கென்றது.

“அப்போ பட்டன்?” என்றேன், அத்தனை பேர் முன்னாலும்.

“அதுக்கு நீ இருக்கியே.”

“நான் என்ன உங்க வேலைக்காரியா?”

மாஷ் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டார், கூடத்துக்கே கேட்டது. “எடி செலீனா, பட்டன் போடறப்பத்தான் நீ என் பக்கத்துல வந்து திட்டாம நிக்கற. அதை நான் ஏன் கெடுத்துக்கணும்?”

நாயரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சீட்டு விஷயம் என்னவென்று அவர் அனகாவிடம் சொன்னபோதுதான் எனக்கே தெரியவந்தது. லோனப்பன் என்று இவருக்கு ஒரு சிநேகிதர். குடைக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் பின்னறையில்தான் நாலு பேரும் வருடக்கணக்காக விளையாடினார்கள். கை நடுங்க ஆரம்பித்ததும் சீட்டை விசிறியாகப் பிடிக்க முடியவில்லை. பிடித்தால் சரியும், எதிராளிக்குத் தெரியும். ஆனால் இவர் விளையாட்டை விட்டது அதற்காக இல்லை.

“லோனப்பன் கையில குலான் இருந்துச்சு, இந்த ஆட்டத்துல பெரிய சீட்டே அந்த ஜாக்கிதான். அது எனக்குத் தெரியும், எண்ணிக்கிட்டே வந்தேன். அந்தக் கட்டத்துல அதைப் போட்டிருந்தா நாங்க தோத்திருப்போம். அவன் ஏழாம் நம்பர் சீட்டை இறக்கினான். என்னை ஜெயிக்க விட்டான் மோளே. என் பாட்டன் காலத்துலேர்ந்து அவங்க வீட்டுல யாரும் எங்களுக்கு ஒரு பாயிண்ட்கூட விட்டுக்கொடுத்தது கிடையாது. அவன் எனக்காகத் தோக்கறான்.” மாஷ் நிறுத்தினார். “அன்னிக்குதான் எனக்கு வியாதின்னு தெரிஞ்சுது.”

அனகா அன்றைக்கு முதலில் சிரிக்காமல் பேசினாள். “சரி மாஷே. எட்டுச் சீட்டை விசிறியாப் பிடிக்கணும். ஒண்ணை உருவறப்போ இன்னொண்ணு விழக்கூடாது. அதுதானே? ஆனா எனக்கு இருபத்தெட்டு தெரியாதே.”

“கத்துத்தரேன்.”

“அப்போ நீங்க உருண்டை பிசையணும்.”

மேசை மறுபடி ஆட ஆரம்பித்தது.

இந்த முறை அவர் உண்மையிலேயே செய்தார். உருண்டையைப் பிசைந்தார். கையை உதறி, விரல்களை விசிறி மாதிரி விரித்து, மூடினார். தினசரித்தாளின் ஓரத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அனகாதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள்: கை நடுவில் உறைந்துபோய் நின்றுவிட்டால், தாளம் கொடுத்தால் நகர்கிறது. “நீங்களே சத்தமா எண்ணுங்க மாஷே. டிரில்ல எண்ணுவீங்களே, அப்படி.” அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து ‘ஒன்! டூ! ஒன்! டூ!’ என்று கிளம்பிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. அந்த வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, “என்ன சேச்சி, அணிவகுப்பா?” என்றார்.

“சீட்டுக் கட்டுக்கு” என்றேன்.

மாதங்கள் போயின. எல்லாம் ஏறுமுகம் என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் மாத்திரை ஏறாமல், ஒரு சீட்டைக்கூடப் பிடிக்க முடியாமல், சீட்டுக்கட்டையே சுவரில் வீசி எறிவார். நான் பொறுக்கி எடுத்து வைப்பேன். பெரும்பாலான நாள் எட்டுச் சீட்டும் கையில் நின்றது. விசிறி என்று சொல்ல முடியாது, வெயிலில் வாடிய வாழையிலை மாதிரி இருக்கும். ஆனால் நின்றது.

கடைசிப் படம்பிடிப்பை ஓர் உண்மை ஆட்டத்தில் வைக்கலாம் என்றாள் அனகா. நான் லோனப்பனுக்கு ஃபோன் போட்டேன். பழைய நாலு பேரில் ஒருவனான லேத் பட்டறை பாலனோடு அவர் எங்கள் கார் ஷெட்டுக்கு வந்தார். நாலாவது ஆளான ரப்பாயி, தன் மகனோடு துபாயில் இருந்ததால், மாஷுக்குக் கூட்டாளியாக அனகாவே உட்கார்ந்தாள். ஒரு முக்காலியில் செல்ஃபோன் படம்பிடித்துக்கொண்டிருந்தது. நான் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியும் பாலில்லாத கட்டன் சாயாவும் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

முதல் ஆட்டத்தில் லோனப்பன் பழையபடி ஆரம்பித்தார். நல்ல சீட்டைப் பின்னால் ஒதுக்கி, துண்டுச் சீட்டாக இறக்கிக்கொண்டிருந்தார். மாஷ் ஜெயித்தார். சீட்டைக் கீழே வைத்தார்.

“எடா லோனா, போடற மாதிரி போடு. இல்லேன்னா எழுந்து போ.”

“நான் போட்டேனே.”

“என் கைதான்டா நடுங்குது. கண் நல்லாத் தெரியுது.”

லோனப்பன் அவரையே பார்த்தார். சீட்டைக் கலைத்துப் போட்டார்.

இரண்டாவது ஆட்டம் வேறு மாதிரி இருந்தது. யாரும் பழம்பொரியைத் தொடவில்லை. மாஷ் ஒவ்வொரு சீட்டுக்கும் உதட்டுக்குள் ‘ஒன், டூ’ சொல்லிக்கொண்டே உருவினார். ஏலம் ஏறியது. அனகா, இந்த ஆட்டத்தில் பால் குடிக்கிற குழந்தை, தைரியமாக இருபத்திரண்டு பாயிண்ட் கேட்டுவிட்டாள். மாஷின் கண் ஒரு முறை மூடித் திறந்தது. பாதி ஆட்டத்தில் லோனப்பன் மாஷின் பக்கம் கழுத்தை நீட்டினார்.

“எடா, என் சீட்டைப் பாக்கறியா?” மாஷ் கத்தினார்.

“நான் எதுக்குடா பாக்கணும்?” லோனப்பனும் கத்தினார். “நீதான் விசிறிக்கிட்டு இருக்கியே! உன் கை ஆடற ஆட்டத்துல எல்லாச் சீட்டும் எனக்குக் குட்மார்னிங் சொல்லுது!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பாலன் சீட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அனகா என்னைப் பார்த்தாள். வியாதி வந்த நாளிலிருந்து அவர் கையைப் பற்றி அவர் முன்னால் யாரும் கேலியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாஷின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் அந்த முகத்தில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு நாற்காலியே குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“குட்மார்னிங்கா? நல்லாப் பாத்துக்கோ. இப்போ ஒருத்தன் குட்நைட் சொல்லப் போறான்.” துருப்புச் சீட்டு ஒன்றை உருவி மேசையில் ஓங்கிப் போட்டார். பக்கத்துச் சீட்டு ஒன்றும் விழவில்லை.

அப்படியும் தோற்றார்கள். லோனப்பனிடம் குலான் இருந்தது. இந்த முறை ஒரு துளி இரக்கமில்லாமல் அதை இறக்கினார். அனகா கேட்ட இருபத்திரண்டு கனவாகப் போயிற்று. தோற்றவர் காதில் குணுக்கு என்று எதையாவது தொங்கவிடாமல் இந்த ஆட்டம் முடியாது. வேறெதுவும் கிடைக்காததால் பாலன் என் கொடியிலிருந்து நாலு துணிக்கிளிப்பை எடுத்துக்கொண்டு வந்தான். லோனப்பன் எழுந்து, தன் கையாலேயே, மாஷின் இரண்டு காதிலும் நறுக்கென்று மாட்டினார்.

“வலிக்குதாடா?”

“வலிக்குது” என்றார் மாஷ். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அனகா தன் காதில் ஆடுகிற கிளிப்போடு செல்ஃபோனை அணைத்தாள். அந்தப் படத்தை அவள் கல்லூரியில் போட்டுக் காட்டியபோது, மதிப்பெண் போட வந்தவர் இரண்டு முறை பார்த்தாராம், ஒரு முறை மதிப்பெண்ணுக்கு, ஒரு முறை சண்டைக்கு. கை தேறியிருக்கிறது என்று எழுதினாராம். எவ்வளவு என்று அவளுடைய ஆராய்ச்சியில் இருக்கிறது. நாயர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார், நின்றுகொண்டு மட்டும். பீபாத்துமா உம்மாவின் பத்திரி எங்கள் வீட்டுக்கும் வந்தது. மெல்லிசுதான்.

வியாதி போய்விடவில்லை. போகாது என்று எல்லாருக்கும் தெரியும். பொத்தானை இப்போதும் நான்தான் போடுகிறேன். அந்த நேரத்தில் திட்டுவதற்கும் பழகிக்கொண்டேன்.

ஆட்டம் நடந்த மறுநாள் சாயங்காலம் லோனப்பன் ஃபோன் செய்தார். முன்பெல்லாம் ஃபோனை எடுத்ததும், “மாஷுக்கு உடம்பு எப்படி இருக்கு சேச்சி?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார். மரண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருக்கும்.

அன்றைக்கு, “அந்தத் தோத்தாங்குளி இருக்கானா?” என்றார்.

“இருக்கார். உங்களுக்குப் பயந்து உள்ளயே உக்காந்திருக்கார்” என்றேன்.

“பயமா? எனக்கா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு முறை சாய்ந்து, மூன்றாவதில் எழுந்து, ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள மாஷ் வந்துகொண்டிருந்தார்.